குண்டோட எடை இருக்கட்டும், நீளம் எவ்வளவு?

தம்பி, கொலராடோவுல மான் சீசனுக்குப் பழைய ரைஃபிள் ஒண்ணு வாங்கி வச்சுட்டு, "எத்தனை கிரெயின் குண்டு போடலாம்க்கா?"ன்னு கேக்குற. சட்டம் சொல்றது சுலபம்: அந்த மாநிலத்துல மானுக்குக் குறைஞ்சது .24 காலிபர், 70 கிரெயின் குண்டு. அதுக்கு மேல எதுன்னு உன் பேரல்தான் சொல்லணும்.

பேரலுக்கு உள்ள சுருள் சுருளா பள்ளம் ஓடுது பாரு, அதுதான் குண்டைச் சுழற்றி விடுது. 1:10ன்னா 10 அங்குலம் போறதுக்குள்ள ஒரு முழுச் சுத்து. பின்னாடி இருக்கிற எண் சின்னதாக ஆகச் சுழற்சி வேகம் கூடும். 1:8 வேகம், 1:12 மெதுவு. கடையில நிக்கிற பெரிய ஆளுங்களே இதைத் தலைகீழாச் சொல்வாங்க, நீ குழம்பாதே.

புது ரைஃபிள்னா இந்த எண் பேரல் மேலயோ கம்பெனிக் குறிப்புலயோ போட்டிருக்கும். பழசுன்னா நீயே அளந்துடு. தோட்டா எதுவும் இல்லைன்னு ரெண்டு தரம் பாரு, போல்ட்டைக் கழட்டி வை. சுத்தம் பண்ற கம்பியில இறுக்கமா ஒரு துணித்துண்டைச் செருகி உள்ளே தள்ளு. கைப்பிடியில தனியா சுத்துற கம்பியா இருக்கணும், இல்லேன்னா பள்ளத்தோட சேர்ந்து திரும்பாது. கம்பி மேல ஒரு கோடு போட்டுக்கோ. அந்தக் கோடு ஒரு முழுச் சுத்து வந்து மறுபடி மேல நிக்கிறதுக்குள்ள கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போச்சோ, அதுதான் உன் ட்விஸ்ட். மூணு தரம் அளந்து சராசரி எடு. துணி வழுக்கினா கணக்கு தப்பும்.

இப்ப குண்டுக்கு வருவோம். பெட்டி மேல எடைதான் பெரிசா போட்டிருக்கும். ஆனா பேரலுக்கு எடை முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். நெட்டையான பம்பரம் சாயாம நிக்கணும்னா விசை கூடுதலா வேணும்ல, அதே கதை. ஒரே விட்டத்துல எடை கூடினா நீளமும் கூடுங்கிறதாலதான் எல்லாரும் எடையை வச்சே பேசுறாங்க.

1879ல கிரீன்ஹில்னு ஒரு ஆங்கிலேயக் கணித மேதை போட்ட கணக்கு இன்னிக்கும் கைகொடுக்குது. குண்டோட விட்டத்தை அதாலயே பெருக்கு, 150ஆல பெருக்கு, நீளத்தால வகு. எல்லாம் அங்குலத்துல. வர்ற எண்தான் அந்தக் குண்டுக்குத் தேவையான ட்விஸ்ட். .308 விட்டம், 1.2 அங்குல நீளம்னு வச்சுக்கோ, கிட்டத்தட்ட 11.9 வரும். 1:12 பேரல்ல அது விளிம்புல நிக்கும், 1:10ல தாராளம். நொடிக்கு 2,800 அடிக்கு மேல போற குண்டுக்கு 150க்குப் பதிலா 180 போடுவாங்க. நான் 150லயே நிப்பேன், கொஞ்சம் மிச்சம் இருந்தா நல்லதுதானே.

இந்தக் கணக்கை அலட்சியம் பண்ணி ஒரு கம்பெனியே அடி வாங்கியிருக்கு. 1955ல வின்செஸ்டர் .243ஐ 1:10 பேரலோட இறக்குச்சு, 100 கிரெயின் குண்டு வரைக்கும் சுடலாம். அதே வருஷம் ரெமிங்டன் .244ஐ 1:12ல இறக்குச்சு. சின்னப் பிராணி சுடறவங்கதான் வாங்குவாங்கன்னு நினைப்பு, 90 கிரெயினோட நிறுத்திட்டாங்க. மான் வேட்டைக்காரங்க எல்லாம் .243 பக்கம் போயிட்டாங்க. அப்புறம் ரெமிங்டன் 1:9க்கு மாறி, 1963ல அதே தோட்டாவை 6 மிமீ ரெமிங்டன்னு பேர் மாத்தி வித்துச்சு. பழைய .244ல அந்தப் புதுப் பெட்டி கச்சிதமா உட்காரும், சுடவும் சுடும். 100 கிரெயின் குண்டு நேரா போகும்னு மட்டும் நம்ப முடியாது.

ஈயம் இல்லாத செம்புக் குண்டு வாங்குறதா இருந்தா இன்னும் கவனமா இரு. கலிபோர்னியாவுல 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, அதனால அங்க இது எல்லாருக்கும் வர்ற தலைவலி. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீண்டுடும். ஈயத்துல 100 கிரெயின் சுட்ட பேரலுக்குச் செம்புல 80, 85ன்னு இறங்கிப் பாரு. எடை குறைஞ்சிடுச்சேன்னு கவலைப்படாதே, செம்பு உடையாம ஆழமா இறங்கும்.

ட்விஸ்ட் வேகமா இருந்தா பொதுவா கெடுதல் இல்லை. .223ல 1:7 பேரலை வச்சுக்கிட்டு மெல்லிய உறை போட்ட 40 கிரெயின் குண்டை முழு வேகத்துல விட்டா மட்டும் அது காத்துலயே சிதறிப் போக வாய்ப்பு உண்டு. அந்தக் குண்டு மானுக்கும் இல்லை, விட்டுத்தள்ளு.

உயரமும் குளிரும் கணக்குல வரும். டென்வர் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து லேசு, குண்டுக்கு வசதி. அங்க அரைகுறையா தேறின குண்டைக் கடலோர டெக்சஸுக்கு எடுத்துட்டுப் போனா தள்ளாடலாம்.

பெட்டி பெட்டியா வாங்காம ஒண்ணே ஒண்ணு வாங்கி, 100 கெஜத்துல காகிதத்துல அஞ்சு சுட்டுப் பாரு. துளை வட்டமா இருக்கணும். சாவித் துவாரம் மாதிரி நீளமா கிழிஞ்சிருந்தா குண்டு குறுக்கா விழுந்திருக்குன்னு அர்த்தம். அப்ப ஸ்கோப்பைத் திருகிட்டு நிக்காதே. பெட்டியை மூடிட்டு, அதைவிடக் குட்டையான குண்டு வாங்கு.