21 இலைகளில் விஷ்ணுகிராந்தி எது?

விநாயகர் சதுர்த்தி அன்று 21 வகைப் பத்திரங்களால் பிள்ளையாரை அர்ச்சிப்பது விசேஷம். அறுகம்புல், வில்வம், எருக்கு எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஆனால், விஷ்ணுகிராந்தி என்றதும் பலருக்குத் தடுமாற்றம்! கடையில் கேட்டால் சில இடங்களில் சங்குப்பூ இலையைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் நீலப்பூதானே என்று நாமும் வாங்கி வந்துவிடுகிறோம்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருக்கிறது கொற்கை. ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். கடல் விலகிப் போய்விட, இன்று வயலும் வாழைத் தோட்டமுமாகக் காட்சி தருகிறது. அக்கசாலை விநாயகர் அருளும் தலம் இது. அக்கசாலை என்றால் நாணயம் அச்சிடும் இடம். ஊரில் மிகப் பழைமையான வன்னி மரம் ஒன்றும் உண்டு. வன்னியும் 21 பத்திரங்களில் ஒன்று. அதை நிமிர்ந்து பார்க்க வேண்டும். விஷ்ணுகிராந்தியைப் பார்க்கவோ குனிய வேண்டும்.

வரப்பின் காய்ந்த ஓரம், தரிசு நிலம், நடைபாதை ஓரங்களில் தரையோடு படர்ந்து கிடக்கும் சிறு பூண்டு அது. எதன் மீதும் சுற்றி ஏறாது. தண்டு நூல்போல மெல்லியது. இலை ஓர் அங்குலம்கூட இராது. தடவினால் பட்டுப்போல மெல்லிய ரோமம் தட்டுப்படும். இலைக் கணுவிலிருந்து எழும் மெல்லிய காம்பில் மிளகைவிடச் சற்றுப் பெரிய, வட்டமான இளநீலப் பூ, நடுவில் வெண்மை. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். ஆகவே, காலையில் தேடுங்கள்.

சங்குப்பூவோ வேலியில் ஏறும் கொடி. பூவும் சங்கு வடிவில் பெரிதாக இருக்கும். ஈரமான வாழைத் தோட்டத்தில் நீலப்பூ கண்டால், அது பெரும்பாலும் கானாம்வாழை. எடுப்பாகத் தெரியும் இரண்டு நீல இதழ்களும், தண்டைச் சுற்றிய இலையடியும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டிலேயே, அபராஜிதா எனும் சங்குப்பூவுக்கு விஷ்ணுகிராந்தா என்றும் ஒரு பெயர் உண்டு. எனவே, இதுவரை சங்குப்பூ இலையைச் சாத்தியவர்கள் மனம் கலங்க வேண்டாம். ஆனால், தமிழகத்தில் விஷ்ணுகிராந்தி என்று வழங்குவது இந்தத் தரைப்பூண்டைத்தான். கேரளத்துப் பெண்கள் திருவாதிரையில் சூடும் தசபுஷ்பங்களிலும் இது இடம் பெறுகிறது. 'கிராந்தம்' என்றால் அடியெடுத்துக் கடப்பது. உலகளந்த பெருமாளின் பெயரைத் தாங்கிய செடி, நம் காலடியிலேயே கிடக்கிறது, பாருங்கள்!

சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குப் பயன்படும் மூலிகைதான். என்றாலும், வைத்தியரைக் கேட்காமல் கஷாயம் வைக்க வேண்டாம். பூஜைக்கு எடுக்கும்போது வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளுங்கள். அடிவேரிலிருந்து மீண்டும் தழைக்கும்.