வாதம் அடிச்சா முதலில் மணியைப் பாருங்க



சில வருஷங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவருக்குப் பொழுது சாயும் நேரம் வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. வலது கையைத் தூக்க முடியவில்லை. "வாயுப் பிடிப்பு, தைலம் தேய்ச்சா சரியாப் போயிரும்" என்றார்கள் லயத்தில். நாங்களும் அதை நம்பினோம். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "எத்தனை மணிக்கு வந்தது?" என்று டொக்டர் கேட்டார். ஆளுக்கொரு மணி சொன்னோம். உயிர் தப்பியது. ஆனால் கை வழங்கவேயில்லை. டொக்டர் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

வாதம் என்றால் என்ன?

மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டாலும், குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் மூளையின் அந்தப் பகுதி சாகத் தொடங்கும். இதுதான் பாரிசவாதம். இதில் அடைப்பு வகையே அதிகம். கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. வாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதை ஏற்ற வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

ஆனால் இரத்தம் கசிந்தவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆளைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. சீ.ரீ. ஸ்கேன் எடுக்க வேண்டும். படத்தையும் நோயாளியையும் பார்த்து முடிவு சொல்ல, வாதத்தில் அனுபவமுள்ள வைத்தியர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள்.

தூரத்து டொக்டர் கட்டிலருகே வந்த விதம்

இதற்குக் கண்ட வழிதான் தொலைமருத்துவம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2003-ல் இரண்டு பெரிய வாத சிகிச்சை நிலையங்களை 12 பிரதேச ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். கட்டிலருகே ஒரு கெமரா. நகரத்து வைத்தியர் திரையில் பார்த்தபடியே கையைத் தூக்கச் சொல்லி, பேசச் சொல்லிச் சோதிப்பார். ஸ்கேன் படமும் அவருக்குப் போகும். ஊசி போடலாமா என்று அவர் யோசனை சொல்ல, அங்குள்ள டொக்டர் ஏற்றுவார்.

2006-ல் இதன் பலனை வெளியிட்டார்கள். இணைக்கப்படாத ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்களும் கடுமையாக முடங்கியவர்களும் நூற்றுக்கு 54 பேர். இணைக்கப்பட்டவற்றில் 44 பேர். கெமரா மட்டும் இதைச் செய்யவில்லை. வாத நோயாளருக்குத் தனி வார்டும், தாதிமாருக்குப் பயிற்சியும் சேர்ந்தே செய்தன.

"அது பணக்கார நாடு, அவங்களுக்கு முடியும்" என்று நினைப்பீர்கள். இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தைப் பாருங்கள். அதுவும் மலைநாடு. காங்ராப் பக்கம் தேயிலையும் உண்டு. அங்கே 2014-ல் சாதாரண கைப்போனை வைத்தே இதைத் தொடங்கினார்கள். மாவட்ட ஆஸ்பத்திரி டொக்டர் ஸ்கேன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, தூரத்து நரம்பியல் வைத்தியரோடு பேசி ஊசி போடுவார். விலை கூடிய அந்த மருந்தை மாநில அரசு இலவசமாகக் கொடுத்தது.

போன் செய்ய முடியாத வேலை

ஒன்றைக் கவனியுங்கள். படம் மலையைத் தாண்டி ஒரு நொடியில் போகும். ஆளை லயத்திலிருந்து ரோட்டுக்கு எந்தப் போனும் தூக்கி வராது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரியாவிட்டால், எவ்வளவு பெரிய டொக்டரும் ஊசி போடத் தயங்குவார். அந்த இரண்டும் நம்ம வேலை.

1. முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கோணுதா?

2. கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே விழுதா?

3. பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். குழறுதா?

4. நேரம்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மணியை எழுதுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நல்லா இருந்த மணியை எழுதுங்கள்.

5. 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம். ரோடு மோசமானால் காத்திருக்காமல் கிடைக்கிற வாகனத்தில் ஏற்றுங்கள். வாதம் என்று சந்தேகம், இத்தனை மணிக்கு வந்தது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லுங்கள்.

6. வாயில் தண்ணீரோ, கஞ்சியோ, குளிசையோ கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் நெஞ்சுக்குள் போய்விடும். தைலம் தேய்த்து நேரம் கடத்த வேண்டாம்.

7. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது பெரிய வாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

8. அவர் குடிக்கும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிரஷர், சீனி வியாதி உள்ளவர்கள் ஒரு நாள் பேருக்குப் பயந்து கிளினிக்கைத் தவறவிட வேண்டாம். வாதம் பெரும்பாலும் அந்த வழியால்தான் வருகிறது.

இன்று ராத்திரி பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, முகம், கை, பேச்சு, நேரம் என்று சொல்லிக் கொடுங்கள். பெரியவர்கள் மலையில் நிற்கும் நேரம் வீட்டில் பாட்டியோடு இருப்பது அவர்கள்தான். இனி எந்த டொக்டர் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாலும், நம்ம லயத்திலிருந்து ஒரே ஒரு பதில் வர வேண்டும்.