பட்டான்செருவில் இருந்தே நாவல் பேசலாம்

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செரு பக்கம் வேலைக்கு வந்த தமிழர்கள் இணையவழி வாசிப்புக் குழு தொடங்கினால், முதலில் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எடுங்கள். 1931-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர் அவர். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களை, 1948-ல் இந்திய ராணுவம் அங்கே நுழைந்ததை, கிரிக்கெட் ஆடும் மாணவன் சந்திரசேகரன் வழியே காட்டுகிறார். நாம் இருக்கும் வட்டாரத்தின் கதை என்பதால் பேச்சு தானாக வரும்.

பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். அதனால் வாராந்திரப் பகுதியை அத்தியாயம் சொல்லிக் குறியுங்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் கருத்தைக் குரல்பதிவாகக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பட்டும்.

படித்த நாவலுக்கு விமர்சனம் எழுதினால், கதைச்சுருக்கம் நாலு வரி போதும். மனதைவிட்டுப் போகாத ஒரு காட்சியை எடுத்து, அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று நிதானமாக எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கூட்டத்தில் அதிகம் பேசாதவரை முதலில் பேசவிடுங்கள்.