வெறும் இரும்பை ராத்திரி விட்டுவைக்காதீர்கள்

புதுப்பேட்டையில் வாங்கி வந்த பழைய ரிம் ஆகட்டும், வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800-இன் கன்ட்ரோல் ஆர்ம் ஆகட்டும், மேலாகப் படிந்த துருவை எடுத்துவிட்டு பெயின்ட் அடிப்பது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடுகிறவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. துரு இல்லாத வண்டி அபூர்வம். தேய்க்கும்போது இருக்கும் வேகம், தேய்த்து முடித்த பிறகு பலருக்கு இருப்பதில்லை. ‘பிரைமர் நாளைக்கு அடிச்சுக்கலாம்’ என்று பாகத்தை மூலையில் சாத்திவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் கொப்பளிக்கும்போது பழி பெயின்ட் கம்பெனி மேல் விழுகிறது.

செய்ய வேண்டியவை

• முதலில் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் துருவின் மேல் அழுத்தினால் இரும்பு கெட்டியாக நிற்க வேண்டும். முனை உள்ளே இறங்கினாலோ, தகடு பொரிந்து உதிர்ந்தாலோ அது மேல் துரு அல்ல. பாடி என்றால் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். சஸ்பென்ஷன் பாகம் என்றால் மாற்றிவிடுங்கள். அதில் பேரமே இல்லை.

• தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். தேய்த்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிய பாகத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். அதன் மேல் உப்புத்தாளைப் போட்டால், கீறல்களுக்குள் எண்ணெயை நாமே ஏற்றியதாக ஆகும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். தின்னர் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும்.

எண்ணூர், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்குத் தண்ணீர்க் கழுவலைத் தவிர்க்கவே கூடாது. துருவுக்குள் தங்கிய உப்பைத் தின்னர் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். உப்பு மிச்சம் இருந்தால் பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டே ஈரத்தை இழுக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. பெயின்டைத் தூக்கிக் கொப்பளமாக்குவது அந்தப் பருமன்தான்.

• 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று இறங்குங்கள். பழைய பெயின்ட் முடியும் விளிம்பை 240, 320 வரை கொண்டுபோய், தடவிப் பார்த்தால் படி தட்டாத அளவுக்குச் சரிவாக்குங்கள்.

• பளபளப்பை நம்பாமல் குழிகளைப் பாருங்கள். டிரில்லில் கம்பி வீல் மாட்டி ஓட்டினால் இரும்பு வெள்ளிபோல் மின்னும். ஆனால் கம்பி, குழிக்குள் இருக்கும் துருவைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, மெருகுதான் ஏற்றுகிறது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அங்கேதான் துரு மாற்றித் திரவத்துக்கு வேலை. பாஸ்பாரிக் அமிலம் கலந்தது துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கும். டானிக் அமிலம் கலந்தது கறுப்பான டானேட் ஆக்கும். இரண்டுமே மெல்லிய துருவுக்குத்தான். பொருக்குத் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் பழையது அப்படியே கிடக்கும். அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காமல் போகலாம். கழுவச் சொல்லியிருக்கிறதா, மேலே எந்தப் பிரைமர் அடிக்கலாம் என்பதை இரண்டு டப்பாக்களிலும் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

• பிராக்கெட், கிளாம்ப் போன்ற சில்லறைப் பாகங்களைத் தேய்த்து மெனக்கெட வேண்டாம், ஊறவையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துரு கழன்றதும் பிரஷ் போட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, ஹாட் ஏர் கன்னால் காயவைக்க வேண்டும். ஸ்பிரிங், உயர் வலுவுள்ள போல்ட் இரண்டையும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்தால் பின்னால் பாரம் ஏறும்போது பட்டென்று உடையலாம்.

• அன்றே பிரைமர் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் பழுப்பேறும். ஆகவே அன்றைக்குப் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேய்ப்பதே புத்திசாலித்தனம். நான்கு ரிம்மையும் ஒரே மூச்சில் தேய்த்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போவது வீண் உழைப்பு. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை வேண்டாம். விடிகாலை இரும்பில் பனி பூத்திருக்கும்; வெயில் ஏறி அது காய்ந்த பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள்.

• கையுறை போடுங்கள். வியர்வையும் உப்புத்தான்.

செய்யக்கூடாதவை

• வெறும் இரும்பில் வாட்டர் பேப்பர் வேண்டாம். நம் பட்டறைகளில் எதற்கும் முதலில் கை போவது தண்ணீர் வாளிக்குத்தான். பிரைமர் காய்ந்த பிறகு அது சரி. வெறும் இரும்பில் போட்டால் தேய்க்கும்போதே புதுத் துரு பிறக்கும்.

• துருவின் மேல் பட்டி வைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். வண்டி விற்கும் நாள்வரை அழகாக இருக்கும் என்பதால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது.

• பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு நொடியில் கரையும், ஆனால் குளோரைடு குழிக்குள் தங்கிவிடும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் செட்டையும் துருப்பிடிக்க வைக்கும்.

• கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடை எடுத்து வராதீர்கள். அதன் மேல் என்.சி. பெயின்டோ பி.யூ. பெயின்டோ அடித்தால், அதிலுள்ள தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கிக் கிளப்பிவிடும்.

• பாடித் தகட்டில் கிரைண்டிங் கல்லை வைக்காதீர்கள். தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவு. துரு போவதற்குள் தகடு போய்விடும், போகாவிட்டால் சூட்டில் நெளியும்.

• பேட்டரி சார்ஜரும் சலவைச் சோடாவும் வைத்து மின்முறையில் துரு எடுப்பவர்கள், சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடக்கூடாது; குளோரின் வாயு வரும். எதிரே தொங்கவிடும் தகடு எவர்சில்வராக இருக்கக்கூடாது. புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் தண்ணீரில் சேரும். மூடிய அறையிலும் வேண்டாம், கிளம்புவது ஹைட்ரஜன்.

• பெட்ரோல் டேங்க் பக்கத்தில் கிரைண்டர் கூடாது. காலி டேங்க் இன்னும் மோசம், உள்ளே ஆவி நிற்கும்.

• சாதாரணக் கண்ணாடி போதும் என்று இருக்காதீர்கள். கம்பி வீலிலிருந்து தெறிக்கும் கம்பி பக்கவாட்டிலும் வரும், பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தூசுக்கு நல்ல மாஸ்க். பி.யூ. ஹார்டனருக்கு அதுவும் போதாது, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் ரெஸ்பிரேட்டர் தேவை.

• எல்லா இடத்திலும் பெயின்ட் அடிக்காதீர்கள். ரிம் ஹப்பில் உட்காரும் முகம், வீல் நட் உட்காரும் குழிவு, எர்த் ஒயர் பிடிக்கும் இடம், மரை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். நட்டுக்கு அடியில் கனமாகப் பெயின்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும். பிரேக் டிஸ்க் முகத்தில் பூத்த துருவைத் தொடவே வேண்டாம், நாலு தடவை பிரேக் போட்டால் போய்விடும்.

• கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். பெயின்ட் காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்கள்.