கட்டியங்காரனும் களப்பயிற்சியும்

நாடகம் என்றதும் மேடையும் ஒப்பனையும் திரைச்சீலையுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவையின்றி, மக்கள் வாழுமிடத்திலேயே அவர்தம் சிக்கலை அவர்களைக் கொண்டே நடித்துப் பார்க்கச் செய்யும் அரங்கும் உண்டு. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931–2009) வகுத்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' அத்தகையது. அதில் ஓர் அநீதி நடித்துக் காட்டப்பெறும். பார்ப்போர் இடைமறித்து, நடிகரை விலக்கித் தாமே உள்ளே சென்று வேறு வழி தேடுவர். இடையே நின்று வினாத் தொடுப்பவரை அவர் 'ஜோக்கர்' என்றார். நமக்கு இவர் புதியவரல்லர். திருவள்ளூர் வட்டாரத் தெருக்கூத்தில் கதைக்குள்ளும் நின்று, வெளியே வந்து அவையோரிடமும் உரையாடும் கட்டியங்காரனை நாம் அறிவோம். ஆயினும் கட்டியங்காரன் தீர்ப்பும் சொல்லிவிடுவான், இவர் சொல்லலாகாது. விடை கூறாதிருக்கப் பழகுவதே இப்பயிற்சியில் கடினமான பாடம். (ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இன்னும் கடினம்!)

தமிழகத்தில், 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறை வீதி நாடகத்திற்கு ஊக்கமளித்தது. 1990களில் அறிவொளி இயக்கக் கலைக்குழுக்கள் எழுத்தறிவை ஊர்தோறும் கொண்டு சென்றன. இவை பெரிதும் செய்தி சொல்லும் அரங்குகள். மனக்காயம் ஆற்றும் அரங்கிற்கு வேறு பயிற்சி வேண்டும்.

இதற்கு மட்டக்களப்பைச் சுட்டலாம். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையாளரும், சத்துருக்கொண்டானில் தமிழரும் படுகொலையுண்ட மாவட்டம் அது. அங்கு 1996இல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கப்பெற்றது. தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் பேருந்தில் ஒன்றாக அழைத்து வரப்பெற்றனர். களிமண், ஓவியம், கதை, நாடகம் என விளையாட்டே அங்கு மருந்தாயிற்று. வழிநடத்தியோர் அம்மண்ணின் இளைஞர்களே. ஒரு நாள் வந்து, அழவைத்து, கைத்தட்டல் பெற்றுத் திரும்பும் குழு புண்ணைக் கிளறிவிட்டுப் போகிறது. மீண்டும் மீண்டும் வருவோரே அதனை ஆற்ற இயலும்.

கும்மிடிப்பூண்டியிலும் இதற்குத் தேவை மிகுதி. ஈழ ஏதிலியர் முகாம் அங்குள்ளது. சிப்காட் ஆலைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர் பலர் உள்ளனர். இயந்திரத்தில் விரலிழந்தவனின் கதையைத் தமிழ் வசனத்தால் மட்டும் அவர்களிடம் பேச இயலாது. உடலே மொழியாக வேண்டும். ஆகவே இப்பணிக்கு முன்வரும் நம் மாணவர் முதல் மாதம் நாடகம் ஏதும் போட வேண்டா. ஷிப்ட் முடியும் வேளையில் ஆலை வாயிலருகே தேநீர்க் கடையில் அமர்ந்து, பேசுவோரைக் கேட்டு வரட்டும்.