பழைய ஃபைபர் படகுக்குப் புதுச் சாயம்: தேர்வும் பூச்சும்

முன்னுரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாம் அறிந்த பழமொழி. படகுக்குப் பூசும் சாயத்தையும் பலர் அழகுக்கான ஓர் ஆடையாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அது படகின் தோல். வெயிலையும் உப்பு நீரையும் முதலில் எதிர்கொள்வது அதுதான்.

என் தாய்மாமா கிள்ளான் துறைமுகப் பகுதியில் 23 அடி ஃபைபர் படகு ஒன்றை வைத்திருக்கிறார். தூண்டில் போட வருபவர்களை வார இறுதியில் பூலாவ் கெத்தாம் பக்கம் ஏற்றிச் செல்வது அவருடைய தொழில். படகின் வயது இருபதுக்கு மேல். ஒரு கடையில் "எல்லா இடத்துக்கும் ஏற்றது" என்று சொல்லிக் கொடுத்த சாயம், ஆறே மாதத்தில் நீருக்குள் இருந்த பகுதியில் கொப்புளித்து உரிந்துவிட்டது. படகைக் கரையேற்றிய இரண்டு வாரமும் அவருக்கு வருமானம் இல்லை. கடந்த நீண்ட விடுமுறையில் நானும் அவரும் அதைச் சுரண்டி மீண்டும் பூசினோம். அப்போது படித்தறிந்தவற்றையும் செய்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளில் சமையல், சோதிட நூல்கள் வரிசையாக இருந்தன. படகுப் பழுது பற்றித் தமிழில் ஒரு நூலும் என் கண்ணில் படவில்லை. இக்கட்டுரை எழுத அதுவும் ஒரு காரணம்.

1. படகின் மேனி

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்து இறுகிய ஓடு. அதன் மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஜெல்கோட் என்னும் பளபளப்பான படலம் இருக்கும். புதுப் படகில் நாம் காணும் நிறம் இந்த ஜெல்கோட்டின் நிறமே.

வெயிலின் புறஊதாக் கதிர் ஜெல்கோட்டைச் சிதைக்கிறது. கையால் தடவினால் சுண்ணாம்பு போல வெண்பொடி ஒட்டுவது இதனால்தான். நீருக்குக் கீழே வேறொரு சிக்கல் உண்டு. நீர் மிக மெதுவாக ஜெல்கோட்டின் ஊடே புகுந்து, உள்ளே கரையும் பொருள்களுடன் சேர்ந்து அமிலத் தன்மையுள்ள திரவமாகிறது. பின்னர் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளமாகப் புடைக்கிறது. அதைக் குத்தினால் புளிக்காடி நாற்றம் வரும்.

2. முதலில் சோதனை

ஜெல்கோட் மங்கியிருக்கிறது, ஆனால் விரிசல் இல்லை என்றால் சாயமே தேவைப்படாமல் போகலாம். தேய்ப்புப் பசையால் மெருகேற்றி மெழுகு பூசினாலே பளபளப்புத் திரும்பும். அதனால் சாயம் வாங்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

அ) பிளாஸ்டிக் சுத்தியலால் ஓட்டை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை வந்தால் நலம். மந்தமான ஓசை வந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அத்தகைய பழுதைச் சாயத்தால் மூடக் கூடாது.

ஆ) பழைய சாயம் இருந்தால், வீரியமுள்ள தின்னரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன் மேல் வைக்க வேண்டும். சாயம் இளகினால் அது ஒற்றைக் கலவைச் சாயம். அதன் மேல் இரட்டைக் கலவைச் சாயத்தைப் பூசினால் அடிச்சாயம் சுருங்கிக் கிளம்பும். முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும்.

இ) கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென உரிக்க வேண்டும். சாயம் நாடாவோடு வந்தால் அதன் பிடிப்புப் போய்விட்டது என்று பொருள்.

ஈ) படகின் அடிப்பகுதியில் ஒரு கண்ணாடித் தாள் பிளாஸ்டிக்கை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். உள்ளே நீர்த்துளி படிந்தால் ஓடு இன்னும் காயவில்லை.

3. எந்த இடத்துக்கு எந்தச் சாயம்?

சாயத்தைத் தேர்ந்தெடுப்பது விலையைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது.

நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பக்கங்கள்: இங்கு இரு வழிகள் உள்ளன. ஒற்றைக் கலவை எனாமல் அல்லது பாலியூரித்தேன் மலிவானது, பூசவும் எளிது. ஆனால் நம் வெயிலில் விரைவாக மங்கும். இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் விலை அதிகம் என்றாலும் கடினமானது, பளபளப்பு நீடிக்கும். நிறத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோ நன்று. அடர்நீலமும் கறுப்பும் வெப்பத்தை உறிஞ்சுவதால் அடியிலுள்ள இழைகளின் தடம் நாளடைவில் மேலே தெரியும்.

நீருக்குக் கீழே: பாலியூரித்தேன் மேற்பூச்சுகளில் பெரும்பாலானவை எந்நேரமும் நீரில் ஊறுவதற்கு ஏற்றவை அல்ல, கொப்புளிக்கும். மாமாவின் படகில் நடந்ததும் இதுவே. இங்கு முதலில் எபாக்சித் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் சாயம் என்ற வரிசையே சரி. எபாக்சி வெயிலில் பொடியாகும் இயல்புடையது. ஆகையால் நீருக்கு மேலே பூசினால் வேறொரு மேற்பூச்சால் அதை மூட வேண்டும்.

மேல்தளம்: வழுக்காத துகள் கலந்த சாயம். மழையில் நனைந்த தளத்தில் மீனும் மனிதரும் ஒன்றாக வழுக்குவார்கள்!

பாசி தடுக்கும் சாயங்களில் பல செம்புச் சேர்மங்களைக் கொண்டவை. அலுமினிய எந்திரக் காலில் அவற்றைப் பூசினால் அலுமினியம் அரிக்கப்படும். எந்திரம் மாட்டும் இடத்தைச் சுற்றிச் சிறிது இடைவெளி விட வேண்டும். அரிப்பைத் தாங்கிக்கொள்வதற்காகப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகளின் மீதும் சாயம் படக் கூடாது.

4. ஆயத்த வேலை

வேலையில் பெரும்பகுதி இதுதான். இங்கு வரிசை மாறக் கூடாது.

முதலில் சவர்க்கார நீரால் கழுவ வேண்டும். அடுத்து மெழுகையும் எண்ணெயையும் கரைப்பானால் துடைக்க வேண்டும். இதற்கு இரண்டு துணி தேவை. ஒன்று கரைப்பானில் நனைத்தது. மற்றொன்று உலர்ந்தது, கரைப்பான் ஆவியாகுமுன் அதனால் ஒற்றி எடுக்க வேண்டும். இவற்றை முடித்த பின்னரே மணல்தாளைத் தொடலாம். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தச் சாயமும் பிடிக்காது. மெழுகு போய்விட்டதா என்று அறிய நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. படலமாகப் பரவினால் சுத்தம்.

எபாக்சித் தடுப்புப் பூச்சுக்கு 80-ஆம் எண் மணல்தாளும், பக்கங்களின் அடிச்சாயத்துக்கு 120 முதல் 220 வரையும், மேற்பூச்சுக்கு முன் 320 அல்லது 400-உம் ஏற்றவை. விரிசலைச் சற்று அகலமாகக் கீறித் திறந்து எபாக்சி மாவால் அடைக்க வேண்டும். கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

எபாக்சி இறுகிய பின் சில வேளைகளில் அதன் மேல் பிசுபிசுப்பான படலம் ஒன்று தோன்றும். ஈரக்காற்றுள்ள நம் நாட்டில் இது சாதாரணம். நீர்விட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே அடுத்த பூச்சைத் தொடங்க வேண்டும்.

5. கிள்ளானின் ஈரமும் பெருக்கும்

காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். சாயம் பூசும் பரப்பின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. எடுத்துக்காட்டாக, காலை 7 மணிக்கு வெப்பம் 24 பாகை, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 23 பாகை. இடைவெளி ஒரு பாகைதான், பூசக் கூடாது. முற்பகல் 11 மணிக்கு 31 பாகை, 65 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. இடைவெளி 7 பாகை, தாராளமாகப் பூசலாம். நேரடி வெயிலில் பூசினால் தூரிகைத் தடம் மறையுமுன் சாயம் இறுகிவிடும். ஆகவே கூரை கட்டி, பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடிப்பது நல்லது.

கிள்ளான் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் பல மீட்டர் மாறுகிறது. வற்றுநீரில் படகு சேற்றில் அமரும் சில மணி நேரத்தில் அடிப்பகுதியைப் பூசிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். எபாக்சி இறுகுவதற்கு அந்த நேரம் போதாது. செலவானாலும் கரையேற்றுவதே சிக்கனம்.

6. அளவும் பூச்சும்

பக்கங்களின் பரப்பை எளிதாக மதிப்பிடலாம். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நீருக்கு மேல் தெரியும் சராசரி உயரத்தால் பெருக்க வேண்டும். 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரம் என்றால் 14.4 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும் என்றால், இரண்டு பூச்சுக்கு 3 லிட்டர் போதும்.

இரட்டைக் கலவையைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். நம் வெப்பத்தில் டின்னிலேயே விரைவாக இறுகும். ஒருவர் ரோலரால் மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு போக, மற்றவர் உடனே பின்தொடர்ந்து, தூரிகையின் நுனியால் அழுத்தாமல் தடவ வேண்டும். மாமா ரோலரைப் பிடித்தார், நான் தூரிகையைப் பிடித்தேன். ஈர விளிம்பு காயுமுன் அடுத்த பகுதி அதைத் தொட வேண்டும். பூசி முடித்த இடத்தை மீண்டும் தொடக் கூடாது.

7. உடல்நலமும் கடலும்

இரட்டைக் கலவைப் பாலியூரித்தேனின் இறுக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிதளவே போதும். துணி முகமூடி பயன்படாது. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். வெளியிலிருந்து காற்றுத் தரும் கருவி இல்லாதவர்கள் இச்சாயத்தைத் தெளிப்பானால் அடிக்கவே கூடாது.

பாசி தடுக்கும் பழைய சாயத்தை உலர்வாகத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்த்து, கழிவைத் திரட்டி அகற்ற வேண்டும். ஒருகாலத்தில் டிரைபியூட்டைல் டின் என்னும் நஞ்சு கலந்த சாயங்கள் உலகெங்கும் புழங்கின. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு அதனால் நலிந்தது. 2001-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17-இல் நடப்புக்கு வந்து அதைத் தடைசெய்தது. சிலாங்கூர் சேற்றுக் கரைகளிலும் கெராங் வளர்க்கப்படுகிறது. நாம் சுரண்டிப் போடும் தூள் நம் தட்டுக்கே திரும்பி வரக் கூடும்.

முடிவுரை

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் ஏராளமான ஃபைபர் படகுகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. அவையும் இன்று பழையனவாகிவிட்டன. அங்கும் இங்கும் படகுக்காரர் எதிர்கொள்ளும் கேள்விகள் ஒன்றே. மேற்பரப்பில் இப்போது இருப்பது என்ன? பூசும் இடம் நீருக்கு மேலா, கீழா? காய்வதற்குப் போதிய நேரம் உண்டா? சாயத்தின் விலையைக் கேட்குமுன் இம்மூன்றுக்கும் விடை கண்டால் பணமும் உழைப்பும் வீணாகா. பொறியியலும் வேதியியலும் பயிலும் நண்பர்கள் தாங்கள் கற்ற கைத்தொழில் அறிவை இதுபோல் தமிழில் எழுதினால், ஆங்கிலக் கையேட்டைப் படிக்க இயலாத நம் மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் அது பெரிதும் பயன்படும்.