மூக்கைப் பார்க்காதே, வாலைப் பார்!

கே: இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் மூக்கில் அழகி வரைந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை எப்படி அடையாளம் காண்பது?

ப: அழகியை நம்பாதீர்கள்! ஒரே பெயரைப் பல விமானங்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். முதலில் வாலைப் பாருங்கள். நான்கு என்ஜின், ஒற்றைப் பெரிய வால்துடுப்பு என்றால் பெரும்பாலும் பி-17. முட்டை வடிவ இரட்டைத் துடுப்பும் உடலின் மேற்பகுதியில் இறக்கையும் இருந்தால் பி-24.

அடுத்து, வாலில் உள்ள எண். 1943-இல் 25 தாக்குதல்களை முடித்துப் புகழ்பெற்ற ‘மெம்ஃபிஸ் பெல்’ பி-17 ரகம். வரிசை எண் 41-24485. முதல் இரண்டு இலக்கம் 1941-ஐக் குறிக்கும். வாலில் 4-ஐ விட்டுவிட்டு 124485 என்றே எழுதினார்கள்.

அதன் அழகிக்கு இடப்பக்கம் நீல உடை, வலப்பக்கம் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, எண் தெரியும்!